மாண்டிசோரி அம்மையார்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு வரும். ஒரு பக்கம் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி. சற்றுத் தள்ளிக் கேரளத்துச் சாவடி. இடையில் தேநீர்க் கடைகளும், மேகமும், ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்புகளும். அவ்வூரே என் ஊர். இவ்வாண்டு மலருக்கு எங்கள் மலையைப் பற்றி எழுதித் தருமாறு மன்றச் செயலாளர் கேட்டார். மலையைப் பற்றி அன்று, ஓர் இத்தாலிய அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் சற்றே விழித்தார். நண்பர்களே, நீங்களும் விழிக்க வேண்டா. காரணம் உண்டு.

என் தம்பிக்கு இப்பொழுது 10 வயது. ஆறு வயது வரையில் அவன் பேசவில்லை. பேசத் தொடங்கிய பின்னும் நாலைந்து சொற்களுக்கு மேல் போகவில்லை. ஊரில் அவனுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஒரு பள்ளியில் சேர்த்தோம். மூன்றாம் மாதம், மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவன் அம்மாவோடு ஏலத்தோட்டத்துக்குப் போனான். அம்மா செடியின் அடியில் குனிந்து காய் எடுப்பார். அவன் சாக்கை விரித்து அதன்மேல் அமர்ந்திருப்பான். மழை வந்தால் இருவரும் ஒரே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொள்வார்கள்.

அவனுக்கு எட்டு வயதானபோது, வாரம் ஒரு நாள் கீழே போடியிலிருந்து ஓர் ஆசிரியை வரலானார். வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்பாசிரியர். அவர் கையில் பாடநூல் இல்லை. ஒரு துணிப்பை, அதற்குள் பெரிய பெரிய பொத்தான் தைத்த துணி, திருகித் திறக்கும் டப்பாக்கள், கயிறு கோக்கும் அட்டை. மூன்று மாதம் தம்பி பொத்தான் பூட்டினான், அவிழ்த்தான், மீண்டும் பூட்டினான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. டீச்சர், அ ஆ எப்பத்தான் சொல்லித் தருவீங்க என்று கேட்டே விட்டார். அக்கா, அதைத்தான் சொல்லித் தந்துக்கிட்டிருக்கேன் என்றார் ஆசிரியை. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. இங்கே வந்து, நம் நூலகத்தில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகே விளங்கிற்று.

மாண்டிசோரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நகரத்துப் பெயர்ப்பலகைகளே. வண்ணச் சுவர், சின்ன நாற்காலி, பெரிய கட்டணம். அப்பெயரை எவரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. ஆனால் அந்த அம்மையார் முதன்முதலில் யாருக்குக் கற்பித்தார் என்பதை அப்பலகைகள் சொல்வதில்லை. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று. என் தம்பியைப் போன்ற பிள்ளைகளுக்கே.

இத்தாலி நாட்டில், அங்கோனா நகருக்கு அருகே கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அரசாங்க அலுவலர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாய் நூல்களை விரும்பிப் படித்தவர். பெண் படித்தால் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் என்ன என்று எண்ணிய காலம் அது. அப்பெண்ணோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணக்குப் படித்தார். பொறியியல் படிக்க வேண்டும் என்றார். பிறகு மருத்துவம் என்று மனம் மாறினார். ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று தடுத்தார்கள். ஆகவே மாலையில் மற்றவர் போன பின், பிணங்களுக்கு நடுவே தனியே நின்று அறுவை பயின்றார். 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பல நூல்கள் எழுதுகின்றன; அது சரியன்று. அவருக்கு முன்னும் சிலர் இருந்தனர். முதல்வர் என்று சொன்னால்தான் பெருமையா?

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பிரிவில் துணை மருத்துவரானார். அவ்வேலைக்காக ரோமாபுரியின் பைத்தியக்கார விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. (அக்காலத்துச் சொல் அது, இன்று நாம் அப்படிச் சொல்வதில்லை.) அங்கே மனநோய் கொண்ட பெரியவர்களோடு சேர்த்து, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தனர். வேறு இடம் இல்லை என்பதே காரணம். ஓர் அறையில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று காவல்காரி வெறுப்போடு சொன்னாளாம். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, கையில் எடுக்க அந்த அறையில் ஒரு பொருள்கூட இல்லை. பசி வயிற்றில் இல்லை, கையில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று. இந்நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் சொல்வர். இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை. சாக்கின்மேல் அமர்ந்து ஈரமண்ணைப் பிசைந்துகொண்டிருந்த தம்பியை, கையை அழுக்காக்காதே என்று எத்தனை முறை அடித்திருக்கிறேன்!

அம்மையார் நூல்களைத் தேடினார். இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கிடைத்தனர். ஒருவர் இத்தார், காதுகேளாதோர் நிலையத்து மருத்துவர். அவேரோன் காட்டுப் பகுதியில் தனியே திரிந்து 1800இல் பிடிபட்ட ஒரு சிறுவனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, விக்தோர் என்று பெயரிட்டு, ஐந்தாண்டு அளவும் பாடுபட்டவர். சிறுவன் பேசக் கற்கவில்லை என்றே சொல்லலாம். ஆயினும் ஒரு குழந்தையை நாள்தோறும் கூர்ந்து நோக்கி, அவனுக்கென்று பாடம் அமைக்கலாம் என்பதை உலகம் கற்றது. மற்றவர் செகேன்; இத்தாரின் மாணவர். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு முதலில் தசையும் புலனும், பிறகே எழுத்தும் எண்ணும் என்று முறை வகுத்தவர். பின்னர் அமெரிக்கா சென்று 1880இல் மறைந்தார். இவ்விருவர் நூல்களையும் மாண்டிசோரி அம்மையார் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பார்ப்பதற்காக அவ்வாறு செய்தாராம். நாம் ஒரு கட்டுரையை நகல் எடுத்துப் பையில் வைத்ததும் படித்துவிட்டதாக நினைக்கிறோம்!

1898இல் தூரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் பேசினார். இக்குழந்தைகளின் குறை மருத்துவத்தைவிடக் கல்வியைச் சார்ந்தது என்பதே அவர் கருத்து. மருத்துவர் ஒருவரே இப்படிச் சொன்னது பலருக்கு வியப்பு. 1900இல் இத்தகைய குழந்தைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குமாக ரோமாபுரியில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அம்மையாரும் மொந்தெசானோ என்னும் மருத்துவரும் அதன் இயக்குநர்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை குழந்தைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி வைப்பார். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. அவ்விரண்டு ஆண்டுகளே தமக்கு உண்மையான பட்டம் என்று பிற்காலத்தில் கருதினார்.

அங்கே அவர் கண்ட ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 11 வயதுப் பெண் ஒருத்திக்குத் தையல் வரவில்லை. ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக ஓட்டுவதுகூட முடியவில்லை. அம்மையார் தையலை நிறுத்தினார். காகிதப் பட்டைகளைப் பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாகக் கோக்கும் வேலையைக் கொடுத்தார். அப்பெண் அதில் கைதேர்ந்தாள். பிறகு ஊசியைக் கொடுத்தால், தையல் வந்துவிட்டது! ஊசியைப் பிடிக்கும் முன்பே ஊசிக்கு வேண்டிய அசைவு கைக்குள் வந்திருந்தது. ஒரு வேலையைச் செய்யச் சொல்லுமுன் அவ்வேலைக்கு வேண்டிய அசைவைத் தனியே பழக்க வேண்டும். அதுவும் அந்த வேலையைக் கொண்டே அன்று, வேறொன்றைக் கொண்டு. பொத்தான் பூட்டும் விரல்களே பென்சிலைப் பிடிக்கப்போகும் விரல்கள். எங்கள் ஆசிரியை அம்மாவிடம் சொன்னது இதுவே.

எழுத்துக்கும் அதே வழியைக் கையாண்டார். மரத்தில் எழுத்துக்களைச் செதுக்கச் செய்தார். உயிரெழுத்துக்குச் சிவப்பு, மெய்யெழுத்துக்கு நீலம். குழந்தை அவற்றின்மேல் விரலை ஓட்டும். கண் பார்க்கும், விரல் உணரும், காது ஒலியைக் கேட்கும். இதைப் படிக்கும்போது நம் திண்ணைப் பள்ளிகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழகிய பாட்டன்மார் நமக்கு உண்டு. அதை நாம் விட்டுவிட்டோம். அவர் காரணம் கண்டு கைக்கொண்டார்.

அப்பள்ளிப் பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர். ஊரெல்லாம் வியந்தது. அம்மையார் மட்டும் வேறொன்றை எண்ணி வியந்தார். குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்களே, குறையற்ற குழந்தைகளை இவ்வளவு கீழே பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டுக்கொண்டார். அக்கேள்வியே அவரை உலகப் புகழுக்குக் கொண்டுசென்றது. அக்கேள்வியே அவரை என் தம்பியைப் போன்றவர்களிடமிருந்து பிரித்தும் சென்றது என்பேன். இதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு, மறைப்பானேன்?

அவர் அப்பள்ளியை விட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. இருவரும் மணந்துகொள்ளவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அவர் வாழ்வும் வேலையும் அன்றே முடிந்திருக்கும். குழந்தை மரியோவை நாட்டுப்புறத்தில் ஒரு செவிலியிடம் விட்டார்கள். அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1901இல் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். அம்மையார் பள்ளியை விட்டு வெளியேறினார். ஊரார் குழந்தைகளின் விரலைப் பிடித்து எழுத்துப் பழக்கிய கை, தன் குழந்தையின் விரலைப் பிடிக்க முடியாத கை. மரியோ தாயிடம் வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஏறத்தாழ 15 வயது. அவரைக் குறை சொல்ல நான் யார்? தம்பியை மலையில் விட்டுவிட்டுப் படிப்பதற்கு இங்கே வந்திருப்பவள் நான். விடுதி அறையில் இப்பகுதியைப் படித்துவிட்டு நூலை மூடி வைத்தேன். நான்கு நாள் திறக்கவில்லை.

1907 ஜனவரி 6ஆம் நாள், ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் கூலி வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த பிள்ளைகள் அங்கே வந்தனர். குறையுள்ள குழந்தைகளுக்காகச் செய்த கருவிகளையே அம்மையார் இவர்களுக்கும் கொடுத்தார். அவற்றுள் ஒன்று உருளைக் கட்டை. ஒரு நீளமான கட்டையில் 10 குழிகள். அவற்றில் பொருந்தும் 10 உருளைகள். ஒவ்வொன்றும் அளவில் வேறு. மாற்றி வைத்தால் பொருந்தாது. கடைசியில் ஒன்று மிஞ்சும். தவறு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். மர எழுத்துக்களை மறுபடி செய்விக்க முடியவில்லை. ஆகவே உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பு விரலுக்கு வழி காட்டிற்று. மர எழுத்தைவிட அதுவே நன்றாக அமைந்தது. பணமில்லாக் குறையால் விளைந்த அந்த உப்புத்தாள் எழுத்தே இன்று உலகெங்கும் அவர் பள்ளிகளில் இருக்கிறது.

அவ்வாண்டு டிசம்பரில் ஒரு நாள் பிள்ளைகள் மாடியில் விளையாடினர். ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான், பிறகு தரையில் கை என்னும் சொல்லை எழுதினான். எழுதக் கற்பிக்கப்படாத சிறுவன்! தன் கை எழுதுகிறது என்று கண்டதும் கூவினான். மேலும் மேலும் எழுதினான். மற்றப் பிள்ளைகளும் சுண்ணக்கட்டிக்கு ஓடி வந்தனர்.

இதன்பின் அவர் வாழ்வு பெரும் பயணமாயிற்று. 1909இல் அவர் முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. 1913இல் அமெரிக்கா சென்றார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு வகுப்பு நடத்திக் காட்டினர். லண்டனில் 1931இல் காந்தியடிகள் அவர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்து பேசினார். இடையில் முசோலினியின் ஆதரவை ஏற்றுப் பல ஆண்டுகள் அந்த ஆட்சியோடு ஒத்துப்போனார். அவரைப் புகழ்வோர் இதை விரைந்து கடந்துவிடுவர். கடக்கக் கூடாது என்பது என் கருத்து. குழந்தைகளைப் படைவீரர்களாக்க எண்ணிய ஆட்சிக்கும் அவருக்கும் இறுதியில் ஒத்துவரவில்லை. 1934இல் இத்தாலியைத் துறந்தார். ஸ்பெயினில் இருந்தபோது 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி இறுதியில் ஹாலந்தில் தங்கினார்.

1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைப்பின்மீது மகன் மரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். வயது 69. ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 300 பேருக்கு மேல் பயில வந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார்; மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். சில மாதங்கள் தங்கிப் போக வந்தவர்; காலம் வேறொன்று நினைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கிற்று. ஆங்கில அரசு மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் வைத்தது. அம்மையார் அடையாறை விட்டு நீங்கக் கூடாது என்றனர். ஆகஸ்டு 31ஆம் நாள் அவருக்கு 70 வயது நிறைந்தது. அன்று வைசிராய் அவருக்குப் பிறந்தநாள் பரிசாக மரியோவை விடுவித்தார். அதுவரை உறவினர், வளர்ப்பு மகன் என்றெல்லாம் அறிமுகப்படுத்தப்பட்டவர் மரியோ. அன்று தாயிடம் மகனாகத் திரும்பினார்.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் இருந்தனர். எங்கள் ஊரிலிருந்து நேரே பார்த்தால் அதுவும் இதே மலைத்தொடரின் கிழக்குக் கைதான், நடுவே காடு. சாலை வழி என்றால் போடிக்கு இறங்கி, தேனி, பெரியகுளம் கடந்து வேறொரு மலைச்சாலையில் ஏற வேண்டும். அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்தினா துணை நின்றார். செடி, கொடி, பூச்சி, நீர்வாழ் உயிர்கள், கல், மண் எல்லாம் பாடமாயின. இவ்வுலகில் ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது என்னும் அவருடைய பிற்காலக் கல்விக்கொள்கை அம்மலையில் உருப்பெற்றது. போர்க்கைதி போல் வைக்கப்பட்ட முதியவர் ஒருவர், நமக்கு அண்டை மலையில் அமர்ந்து இவ்வேலையைச் செய்தார் என்பதை எங்கள் ஊரில் ஒருவரும் அறியார். நானும் அறியாமலே கொடைக்கானலுக்கு இருமுறை சுற்றுலாப் போயிருக்கிறேன்.

1946இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். அகமதாபாத்தில் ஆற்றிய பேருரைகள் 1949இல் சென்னையில் நூலாயின. 1952 மே 6ஆம் நாள் ஹாலந்தின் கடற்கரை ஊரான நூர்த்வைக்கில் இயற்கை எய்தினார். அங்கேயே அடக்கம்.

நம் நாட்டில் காதுகேளாக் குழந்தைகளுக்கு ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் 1890களிலேயே பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கினார். அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிலையம் செகந்திராபாத்தில் வந்ததோ 1984இல். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இக்குழந்தைகளுக்கு இலவசக் கல்வி உரிமையை உறுதி செய்கிறது. சட்டம் மலையேற வேண்டும். அதற்கு ஜீப் வேண்டும். ஜீப்பில் ஏற ஓர் ஆசிரியை வேண்டும்.

எங்கள் ஆசிரியை மாண்டிசோரிப் பள்ளி எதிலும் வேலை பார்த்தவர் அல்லர். ஆனால் ஒரு நாள் எங்கள் வீட்டு மூலையிலிருந்த ஏலக்காய்ச் சல்லடைகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏலக்காயை அளவு பார்த்துப் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர்க் காய்க்கு ஒரு விலை, அதற்கும் சிறியதற்கு வேறு விலை. ஆசிரியை ஒரு கைப்பிடிக் காயைச் சல்லடையில் போட்டுத் தம்பியிடம் கொடுத்தார். இது பெரிசு, இது சிறிசு என்று காட்டினார். அடுத்த வாரம், பெரிசு எது என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தான். அதற்கும் பல வாரம் கழித்து, ஒரு காயைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டார். வெகு நேரம் அக்காயையே பார்த்திருந்துவிட்டு, பெரிசு என்றான். பெயர் சொல்லிக் காட்டுதல், கேட்டு எடுக்கச் செய்தல், இறுதியில் சொல்லச் செய்தல் என்ற இம்மூன்று படிகளும் செகேன் வகுத்தவை. அன்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் உப்புத்தாள் வாங்கிச் சென்றேன். அ எழுத்தை வெட்டத் தொடங்கினேன். ஆசிரியை தடுத்தார். அதில் சுழி அதிகம், தம்பிக்கு இப்போது வராது. ட, ப, ம மூன்றையும் வெட்டுங்கள், நேர்கோடு என்றார். வெட்டி ஒட்டினோம். தம்பி ப எழுத்தில் விரலை இறக்கி, அடியில் நகர்த்தி, மேலே ஏற்றினான். ட எழுத்தில் அவனுக்கு விருப்பம் இல்லை, தள்ளிவிட்டான். இதுவரை அவன் பென்சிலால் எதையும் எழுதவில்லை. எழுதுவானா என்று ஆசிரியையிடம் கேட்க எனக்கு அச்சம். அவரும் தாமாகச் சொல்வதில்லை.

நேற்றிரவு அம்மா தொலைபேசியில் பேசினார். ப எழுத்து தேய்ந்து வழவழப்பாகிவிட்டதாம். தம்பி அதை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு அம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். புதுத் தாள் வாங்கி வரச் சொன்னார். இன்று மாலை இரும்புக்கடைக்குப் போனேன். நைசு, நடுத்தரம், முரடு என்று மூன்று வகை எடுத்துப் போட்டார் கடைக்காரர். முன்பு வாங்கியது எந்த வகை என்று நினைவில்லை. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன்.